வரியைக் காட்டு!

தேர்வுத் தாளில் ஒரு கேள்வி. இந்தச் சிறுகதையில் வரும் பாத்திரத்துக்கு நம்பிக்கை இருந்தது என்பதைக் கதையிலிருந்தே சான்று காட்டி எழுதுக.

உன் பேனா நின்றுவிடுகிறது.

ஏன் நின்றது? கதையைப் படிக்கவில்லையா? படித்தாய்! புரியவில்லையா? புரிந்தது! கடைசிப் பத்தியில் தொண்டைகூட அடைத்தது!

பிறகு என்ன தடை?

"அவளுக்கு நம்பிக்கை இருந்தது என்று மனசுக்குத் தெரிகிறது. எந்த வரியில் என்று கேட்டால் சொல்ல வரவில்லை." இதுதானே உன் பதில்?

இந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன்!

உன் மனசுக்கு அது எப்படித் தெரிந்தது? காற்றிலிருந்து வந்ததா? கதையில் உள்ள ஏதோ ஒரு வரிதான் உனக்குச் சொன்னது. அந்த வரி இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. திரும்பிப் போய்த் தேட உனக்குத்தான் சோம்பல்!

சோம்பல் என்றதும் கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு புத்தகத்தைத் திற!

"எனக்கு இலக்கியம் வராது" என்கிறாய். பிறக்கும்போதே யாருக்கு வந்தது? சொல்லடா பார்க்கலாம், ஒரே ஒரு பெயரைச் சொல்!

"கைடில் இருப்பதை எழுதினால் போதும்" என்கிறாய். அந்தக் கைடை எழுதியவரும் ஒருநாள் இதே கதையை எடுத்துக்கொண்டு வெள்ளைத்தாளின் முன்னால்தான் உட்கார்ந்தார். அவருக்கு இருந்த அதே இரண்டு கண்தானே உனக்கும்?

எதற்கு இரவல் கண்?

வா, தேடலாம். இன்றைக்கே தேடலாம். ஒரு கதையை எடுப்போம். சான்று கிடைக்கும்வரை அதை விடப்போவதில்லை!

மருத்துவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி

ஓ ஹென்றியின் "கடைசி இலை". 1907இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பில் இருக்கிறது. நியூயார்க் நகரம், கிரீன்விச் வில்லேஜ். வாடகை குறைவு என்று ஓவியர்கள் வந்து குடியேறிய பகுதி.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இரண்டு இளம்பெண்கள். சூ, ஜான்சி. இருவரும் ஓவியர்கள். நவம்பர் குளிரில் ஜான்சிக்கு நிமோனியா.

அந்தக் காலத்தில் நிமோனியா என்றால் என்ன தெரியுமா? பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான்! மருந்து பாதி, நோயாளியின் மன உறுதி பாதி என்று மருத்துவர்கள் போராடிய காலம் அது.

ஜான்சி படுக்கையில் கிடக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். சுவரில் ஒரு பழைய ஐவிக் கொடி. அதன் இலைகள் உதிர்கின்றன. ஒவ்வொன்றாக எண்ணுகிறாள், பின்னோக்கி எண்ணுகிறாள். கடைசி இலை விழும்போது தானும் போய்விடுவேன் என்கிறாள்.

மருத்துவர் வருகிறார். பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்கிறார். பிறகு அவர் சூவிடம் சொல்வதைக் கவனி!

இந்தக் குளிர்காலத்துக்கு மேலங்கியின் கை எந்த மோஸ்தரில் வருகிறது என்று அவளை ஒரே ஒரு கேள்வி கேட்க வைத்துவிடு, வாய்ப்பை ஐந்தில் ஒன்றாக்கிக் காட்டுகிறேன் என்கிறார்!

படித்துவிட்டு அப்படியே கடந்து போனாயா? நில்! திரும்பிப் போ!

அவர் ஏன் அதைக் கேட்டார்? உடையின் மோஸ்தரில் அவருக்கு என்ன அக்கறை?

இந்தக் குளிர்காலத்தில் எந்த மேலங்கி என்று கேட்பவள், அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவள்! சாகப்போகிறவளுக்குத் துணிக்கடைப் பேச்சு எதற்கு?

பார்த்தாயா? கதையின் தொடக்கத்திலேயே ஓ ஹென்றி உன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டார். அவள் என்ன உணர்கிறாள் என்று ஊகிக்காதே, அவள் என்ன கேட்கிறாள் என்று பார் என்கிறார்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொள். கதை முழுக்க நட!

ஒரே சூப், இரண்டு தடவை

சூ சூப் குடிக்கச் சொல்கிறாள். ஒயின் வாங்கிக் கொடுக்கிறேன் என்கிறாள். ஜான்சி ஜன்னலை விட்டுக் கண்ணைத் திருப்பவில்லை. ஒயின் இனி வாங்க வேண்டாம், சூப்பும் வேண்டாம் என்கிறாள். சொல்லிக்கொண்டே இன்னோர் இலையையும் எண்ணிக் கழிக்கிறாள்.

இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு. இது நம்பிக்கையின்மைக்குச் சான்று. இதுவும் உனக்கு வேண்டும்!

ஏன் வேண்டும்? விழுந்த இடம் தெரியாமல் எழுந்த உயரத்தை எப்படி அளப்பாய்?

இரண்டு இரவுகள் போகின்றன. மழை, காற்று, பனி. காலையில் ஜன்னல் திரையை ஏற்றினால் ஓர் இலை மட்டும் சுவரில் நிற்கிறது. விழவில்லை!

ஜான்சி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பிறகு சூவைக் கூப்பிடுகிறாள்.

என்ன கேட்கிறாள்?

கொஞ்சம் சூப்! பால்! பாலில் கொஞ்சம் ஒயின்!

அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிய அதே சூப்! வாங்கவே வேண்டாம் என்ற அதே ஒயின்!

இதோ உன் சான்று! இதைவிடத் தெளிவாக எந்த எழுத்தாளர் எழுத முடியும்?

இன்னும் முடியவில்லை. சூப்பைக் கேட்டவள் உடனே மாற்றிச் சொல்கிறாள். முதலில் கைக்கண்ணாடி கொண்டு வா என்கிறாள்! தலையணைகளைச் சுற்றி அடுக்கச் சொல்கிறாள். எழுந்து உட்கார்ந்து நீ சமைப்பதைப் பார்க்கிறேன் என்கிறாள்.

கண்ணாடி எதற்கு? யோசி!

இத்தனை நாள் அவள் கண் சுவரை மட்டுமே பார்த்தது. இப்போது தன் முகத்தைப் பார்க்க விரும்புகிறாள். தான் எப்படி இருக்கிறோம் என்ற கவலை திரும்பி வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் போய் நிற்க நினைப்பவளுக்குத்தான் அந்தக் கவலை வரும்!

இந்த இடத்தில் ஆசிரியர் "அவளுக்கு நம்பிக்கை பிறந்தது" என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. சூப், பால், கண்ணாடி, தலையணை. நான்கு பொருள்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

மீதி வேலை உன்னுடையது. அவர் உன்னை நம்பி விட்டுப்போன வேலை அது! அதைச் செய்யாமல் ஓடப் போகிறாயா?

ஆசை இருந்தால் போதுமா?

இப்போது ஒரு கடினமான இடம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நீ வழுக்காதே!

நேபிள்ஸ் வளைகுடாவை ஓவியமாகத் தீட்ட வேண்டும் என்பது ஜான்சியின் ஆசை. மருத்துவர் முதலில் விசாரிக்கும்போதே சூ இதைச் சொல்லிவிடுகிறாள்.

உடனே நீ எழுதுகிறாய்: "ஜான்சிக்கு நேபிள்ஸ் ஆசை இருந்தது. ஆகவே அவளுக்கு நம்பிக்கை இருந்தது."

தவறு! அடித்துவிடு!

அந்த ஆசை இருந்தபோதுதானே அவள் இலையை எண்ணினாள்? அந்த ஆசை இருந்தபோதுதானே சூப்பைத் தள்ளினாள்? ஆசை நெஞ்சுக்குள் கிடந்தது. கை அதற்காக அசையவில்லை!

சூ அதைச் சொல்லும் விதத்தையும் பார். தோழியின் ஆசையைக் கடந்த காலத்தில் சொல்கிறாள். ஆசைப்பட்டாளாம். முடிந்துபோன கதை போல!

இனி, சூப் கேட்ட அந்தக் காலைக்கு வா. கேட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. ஜான்சி வாயைத் திறக்கிறாள். என்றாவது ஒருநாள் நேபிள்ஸ் வளைகுடாவைத் தீட்டுவேன் என்ற நம்பிக்கையை அவளே சொல்கிறாள்!

அதே வளைகுடா. அதே ஆசை. அன்று தோழியின் வாயில் இறந்தகாலம். இன்று அவள் வாயில் எதிர்காலம்!

இதைக் கண்டுபிடிக்க உனக்குப் பட்டம் வேண்டுமா? பட்டறிவு வேண்டுமா? கதையின் முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுமை போதும்!

வரிசையையும் கவனி. முதலில் சூப். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நேபிள்ஸ். கை முதலில் கிண்ணத்துக்கு நீள்கிறது, கனவு பின்னால் வருகிறது!

கதையின் முடிவில் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? நீல நிறக் கம்பளி நூலில் தோளுக்கு ஒரு துண்டு பின்னுகிறாள்!

ஒரே மூச்சில் முடிகிற வேலையா அது? குளிர் வரும், அது தோளில் கிடக்கும், தோளுக்குரியவளும் இருப்பாள் என்று நினைப்பவள் கையில்தான் அந்த ஊசி இருக்கும்!

எழுது! இதுவும் சான்று!

சத்தம் போடாதவர்களையும் தேடு

நம்பிக்கை கதாநாயகியிடம் மட்டும்தான் இருக்குமா? யார் சொன்னது?

சூவைப் பார். மருத்துவர் போனதும் அழுகிறாள். கையில் இருந்த காகிதக் கைக்குட்டை கூழாகும்வரை அழுகிறாள். பிறகு என்ன செய்கிறாள்?

படம் வரையும் பலகையைத் தூக்கிக்கொண்டு, சீட்டி அடித்தபடி ஜான்சியின் அறைக்குள் நுழைகிறாள்!

அழுகையும் உண்மை, சீட்டியும் உண்மை. அழுதவளுக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டு. அழுது முடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாளே! பத்திரிகைக் கதைக்குப் படம் வரைந்து, அந்தக் காசில் தோழிக்கு ஒயின் வாங்க நினைத்தாளே!

கீழ்த்தளத்தில் பெர்மன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுகளாகத் தூரிகை பிடித்தவர். ஊர்க் கணக்கில் தோற்றுப்போனவர். குடிக்கிறார். தொழில்முறை மாடலுக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத இளம் ஓவியர்களுக்கு மாடலாக உட்கார்ந்து பிழைக்கிறார். ஒரு மகத்தான ஓவியம் தீட்டப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தொடங்கியதே இல்லை.

இவரிடம் போய் நம்பிக்கையைத் தேடுவதா என்கிறாயா?

தேடு! அவர் அறைக்குள் போ! மூலையில் ஒரு தாங்கியில் வெற்றுத் துணி ஒன்று விரித்து நிற்கிறது. அந்த ஓவியத்தின் முதல் கோட்டுக்காக இருபத்தைந்து ஆண்டுகளாகக் காத்து நிற்கிறது!

எத்தனை நாள் கையில் காசில்லாமல் இருந்திருப்பார்? அந்தத் துணியில் அவசரத்துக்கு எதையாவது வரைந்து விற்றிருக்கலாமே? விற்கவில்லை. பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்காத வீடு போல அதைக் காத்து வைத்திருந்தார்!

அதை வெறும் துணி என்று கடந்து போவாயா? அது இருபத்தைந்து ஆண்டுகளின் சான்று!

கடைசி இலை உண்மையில் விழுந்த இரவில் அந்தக் கிழவர் என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியும். ஓர் ஏணி. ஒரு விளக்கு. சிதறிய தூரிகைகள். பச்சையும் மஞ்சளும் குழைத்த தட்டு. நனைந்து பனியாய்க் குளிர்ந்துபோன காலணி.

கொட்டும் மழையில் சுவரில் ஓர் இலை வரைந்துவிட்டு, அதே நிமோனியாவில் இறந்துபோனார். அதுதான் அவருடைய மகத்தான ஓவியம் என்கிறாள் சூ.

சுவரில் இருந்த இலை உயிர் இல்லாதது. ஆனால் அதைப் பார்த்துத்தான் ஜான்சி பிழைத்தாள். அப்படியானால் உண்மையான நம்பிக்கை யாரிடம் இருந்தது? இந்தப் பெண் பிழைப்பாள் என்று நம்பி ஏணியில் ஏறியவரிடம்!

ஏணியைக் காட்டு! விளக்கைக் காட்டு! தட்டைக் காட்டு! சான்று கேட்டவர் வாயடைத்து நிற்கட்டும்!

"தப்பாகச் சொல்லிவிட்டால்?"

உன் உண்மையான பயம் இதுதான். எனக்குத் தெரியும்.

"நான் ஒன்று சொல்லி, வாத்தியார் அது இல்லை என்றுவிட்டால்? வகுப்பே சிரித்துவிட்டால்?"

சிரிக்கட்டுமே! சிரித்தவன் வரியைக் காட்டினானா? நீ காட்டினாய்!

வரியில் விரலை வைத்துப் பேசுகிறவனைச் சிரித்து அசைக்க முடியாது. அவனை இன்னொரு வரியைக் காட்டித்தான் மறுக்க முடியும். அப்படி மறுத்தால் உனக்கு என்ன நட்டம்? நீ பார்க்காத ஒரு வரி கிடைத்தது! அது லாபம்!

தோல்விக்குப் பயப்படுகிறாயே, இந்தக் கதையை எழுதியவர் யார் தெரியுமா?

வில்லியம் சிட்னி போர்ட்டர். ஓ ஹென்றி என்பது அவருடைய புனைபெயர். 1862இல் பிறந்தவர். தாயைக் குழந்தையிலேயே இழந்தவர். மனைவியை 1897இல் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். வங்கிப் பணத்தைக் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு 1898இல் ஓஹையோ சிறைக்குப் போனவர்.

பெயர் போயிற்று. மனைவி போய்விட்டாள். சின்னஞ்சிறு மகள் உறவினர் வீட்டில். இதைவிடக் கீழே விழ இடம் இருக்கிறதா?

அங்கே உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? மருந்தாளுநர் வேலை தெரியும் என்பதால் சிறை மருத்துவமனையில் வேலை பார்த்தார். வேலை போக மிச்ச நேரத்தில் கதை எழுதினார்! எழுதியதை வெளியே இருந்த நண்பர் ஒருவர் வழியாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்!

உள்ளே இருந்தபடியே அச்சேறினார்! 1901இல் வெளியே வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவே படிக்கும் சிறுகதை எழுத்தாளர் ஆனார். 1910இல் இறக்கும்வரை எழுதினார்.

அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்று என்னிடம் கேட்காதே. நம் அளவுகோலை அவர்மேலும் வை! சிறையிலிருந்து அஞ்சலில் போன அந்தக் கையெழுத்துப் பிரதிகள்! அவைதான் சான்று!

இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் எழுதினார். நீ மின்விசிறியின் கீழ் உட்கார்ந்துகொண்டு பயம் என்கிறாய்!

பொய்யாகப் போகும் நம்பிக்கையும் நம்பிக்கைதான்

இன்னும் கடினமான கதை ஒன்று தருகிறேன். இதில் தேறினால் எதிலும் தேறுவாய்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் எழுதிய "வான்கா". ஒன்பது வயதுச் சிறுவன் வான்கா ஜூக்கோவ். மாஸ்கோவில் அல்யாகின் என்ற செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. அடி, பசி, தூக்கமின்மை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. எல்லோரும் தேவாலயம் போன நேரம் பார்த்து மைக்கூட்டையும் துருப்பிடித்த முள் உள்ள பேனாவையும் எடுக்கிறான். கசங்கிய தாளில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். என்னைக் கூட்டிப்போ என்று கெஞ்சுகிறான்.

உறையின்மேல் என்ன முகவரி எழுதுகிறான்? கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு! கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாத்தாவின் பெயரைச் சேர்க்கிறான். ஊர்ப் பெயர் இல்லை. அஞ்சல்தலை இல்லை. ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறான்.

கடிதம் போய்ச் சேராது. நமக்குத் தெரியும். நெஞ்சு உடைகிறது.

உடனே நீ எழுதுகிறாய்: "வான்காவின் கடிதம் சேரப்போவதில்லை. ஆகவே கதையில் நம்பிக்கை இல்லை."

நில்! கேள்வி என்ன? பாத்திரத்தின் நம்பிக்கையைத்தானே கேட்டார்கள்? நீ எழுதியது யாருடைய மனநிலை? உன்னுடையது! முகவரி போதாது என்று தெரிந்தது உனக்கு. வான்காவுக்கு அது தெரியாது!

உன் துயரத்தை அவன் தலையில் கட்டாதே! அவன் கடிதத்தைப் படி!

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பொன்முலாம் பூசிய வாதுமைக் கொட்டை ஒன்றை எனக்காக வாங்கிப் பச்சைப் பெட்டியில் எடுத்து வை என்கிறான். திரும்பி வந்து திறக்கப்போகிறவன்தான் எடுத்து வைக்கச் சொல்வான்!

இழுத்து வாசிக்கும் தன் சின்ன ஆர்மோனியத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே என்கிறான். வாசிக்க விரல் இருக்கும் என்று நம்புகிறவன்தான் வாத்தியத்தைக் காக்கச் சொல்வான்!

உனக்குப் புகையிலை அரைத்துத் தருவேன் என்கிறான். பெரியவன் ஆனதும் உனக்குச் சோறு போடுவேன், யாரும் உன்னைத் துன்புறுத்த விடமாட்டேன் என்கிறான். அடிபட்டுக் கிடக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை, தாத்தாவுக்குக் காவல் நிற்கப்போகிறேன் என்கிறான்!

அந்த உறையை எப்போது வாங்கினான்? முந்தின நாளே! ஒரு கோபெக் கொடுத்து! கடிதம் எப்படிப் போகும் என்று இறைச்சிக் கடைக்காரர்களிடம் விசாரித்தும் வைத்திருக்கிறான். அவன் கையில் ஒரு காசு எவ்வளவு பெரிது! அந்தக் காசு போன இடத்தைப் பார்!

பெட்டியை நோக்கி எப்படி ஓடினான்? மேலங்கிகூடப் போடாமல், சட்டையோடு! ரஷ்யக் குளிரில்!

ஒரு மணி நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான். கனவில் தாத்தா அடுப்பு மேடையில் உட்கார்ந்து அவன் கடிதத்தைச் சமையல்காரிகளுக்குப் படித்துக் காட்டுகிறார்.

எத்தனை சான்று! எண்ணிப் பார்!

அதே கடிதத்தில், கூட்டிப்போகாவிட்டால் செத்துப்போவேன் என்றும் எழுதுகிறான். அதை மறைக்காதே. அதையும் எழுது! பயம் இருந்தது, அழுகை இருந்தது, அவற்றுக்கு நடுவில் அந்தக் கொட்டையை எடுத்து வைக்கச் சொன்னான் என்று எழுது. எதிர்ச்சான்றை ஒளிப்பவன் கோழை. இரண்டையும் முன்னால் வைத்துத் தீர்ப்புச் சொல்பவன்தான் நல்ல வாசகன்!

இனி உன் முறை

வழி தெரியவில்லை என்று இனி சொல்ல முடியாது. இரண்டு கதையில் நடந்து வந்துவிட்டாய்.

பாத்திரம் எதைக் கேட்கிறது? பார்!

காசை, நேரத்தை, உடம்பை எதற்குச் செலவிடுகிறது? பார்!

எதைக் காத்து வைக்கிறது? பார்!

இன்று முடியாத எந்த வேலையை இன்று தொடங்குகிறது? பார்!

பார்த்ததும் மூன்று வாக்கியம் எழுது. முதலில் உன் முடிவு. அடுத்து, கதையில் அது எங்கே இருக்கிறது. மூன்றாவது, அந்த இடம் ஏன் அந்த முடிவைத் தருகிறது.

மூன்றாவது வாக்கியத்தில்தான் எல்லோரும் நழுவுகிறார்கள்! "ஜான்சி கண்ணாடி கேட்டாள்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கண்ணாடி எப்படி நம்பிக்கை ஆயிற்று? சொல்! அந்தப் பாலத்தை நீதான் கட்ட வேண்டும். அங்கேதான் உன் மூளை இருக்கிறது, அங்கேதான் உன் மதிப்பெண்ணும் இருக்கிறது!

முதல் வாசிப்பில் கிடைக்கவில்லையா? இரண்டாம் தடவை படி. கிடைக்கவில்லையா? முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வா. சிறுகதைதானே? சில பக்கம்தானே? அந்தச் சில பக்கத்துக்குள் உன்னை மீறி ஒளிந்துகொள்ளும் வரி ஒன்று உண்டா?

"நேரம் இல்லை" என்று ஆரம்பிக்காதே! ஜான்சி வேண்டாம் என்றதிலிருந்து வேண்டும் என்பதுவரை படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கைபேசியை எடுத்து வைக்கும் நேரத்தில் பாதி!

இப்போது கடைசியாக ஒன்று. இதைக் கேட்காமல் உன்னை விடமாட்டேன்.

கதைமாந்தருக்கு வைத்த அளவுகோலை உனக்கும் வைத்துப் பார்க்கத் துணிவு இருக்கிறதா?

"எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒருநாள் ஜெயிப்பேன்." இப்படித்தானே எல்லோரிடமும் சொல்கிறாய்? நல்லது. வரியைக் காட்டு!

நேற்று என்ன கேட்டாய்? யாரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டாய்? கையில் இருந்த காசில் எதை வாங்கினாய்? எந்தக் கனவை விற்காமல் வைத்திருக்கிறாய்? இன்று முடியாத எந்த வேலையில் இன்று கையை வைத்தாய்?

பதில் இல்லையா? அப்படியானால் உன்னிடம் இருப்பது ஆசை. சூப்பைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்த ஜான்சியிடமும் அது இருந்தது!

கலங்காதே! அவள் மாற இரண்டு இரவு போதுமாக இருந்தது. நேற்றுவரை சான்று இல்லை என்பது உனக்குத் தண்டனை ஆகாது. இன்றைய பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. பேனா உன் கையில்தான்!

ஜான்சி கேட்டாள். நீயும் வாய்விட்டுக் கேள்!

வான்கா ஒற்றைக் காசைச் செலவிட்டான். உன்னிடம் இருக்கும் ஒரு மணி நேரத்தை நீ செலவிடு!

பெர்மன் காத்து வைத்தார். உன் உயர்ந்த கனவை விலை பேசாதே, காத்து வை!

ஆனால் அவரைப்போல இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்காதே. தொடங்கு! இப்போதே தொடங்கு!